பட்டறைக்குத் தண்ணீர் தெளித்த நாள்

சைதாப்பேட்டை, சென்னை
20 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மீனா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். கிரானைட் பட்டறைக்காரரிடம் வேறென்ன பதில் வரும்?

போன் பண்ணினால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. கட்டைவிரலோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? அதனால்தான் தபால். நான் ஹாஸ்டலில் தங்கி டிப்ளமோ படித்தபோது வாரம் ஒரு கடிதம் போட்டவர்தானே நீங்கள். கை மறந்திருக்காது.

பொங்கலுக்கு வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். அங்கேயே கேட்டால் சண்டை வரும் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் இருந்து நம் வீடு என்ன தூரம்? அதற்குள் இரண்டு இடத்தில் நின்றீர்கள். செருப்பு வார் சரியில்லை என்றீர்கள். அது பொங்கலுக்கு நான் வாங்கி வந்த புதுச் செருப்பு, மாமா.

சரி, வேலைச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் குழு தொழிற்கூடங்களுக்குப் புது விதி எழுதுகிறது என்று சொன்னேன் இல்லையா? வேலை செய்கிற இடத்துக் காற்றில் கல் தூசி எவ்வளவு இருக்கலாம் என்று அதில் ஒரு அளவு வரும். அது நம் ஆட்கள் கண்டுபிடித்த அளவில்லை. வெளிநாட்டில் தூசி அளப்பவர்களும் டாக்டர்களும் சேர்ந்த ஒரு சங்கம் வருஷா வருஷம் பட்டியல் போடுகிறது. ஒரு காலத்தில் அந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்துத்தான் நாமும் எழுதிக்கொண்டோம். அப்புறம் அவர்கள் தங்கள் அளவைப் பாதியாக்கினார்கள். பிறகு அதிலும் பாதியாக்கினார்கள். நாம் பழசையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். போன வருஷப் பஞ்சாங்கத்தை வைத்து இந்த வருஷம் முகூர்த்தம் குறிக்கிற கதைதான்.

அந்தச் சங்கத்துக்காரர்களே முன்பக்கத்தில், "இது ஆலோசனை, சட்டம் இல்லை" என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஆலோசனையை நாம் சட்டமாக்கலாமா என்பதுதான் எங்கள் ஆபீஸில் நாள் முழுக்கப் பேச்சு. முதலாளிகள் தரப்பில் வந்த ஒருவர், "குளிர் நாட்டு அளவு நம்ம வெயிலுக்குப் பொருந்துமா?" என்று கேட்டார். அவர்கள் நுரையீரல் வேறு, நம் நுரையீரல் வேறா என்று கேட்க நாக்கு துடித்தது. ஒப்பந்த வேலைக்காரி, அடக்கிக்கொண்டேன்.

மதுரைப் பக்கம் ஐந்து பட்டறைகளில் காற்றை அளக்கப் போகிறார்கள். உங்கள் பட்டறைப் பெயரையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்க்கிறார் என்று சொல்லவில்லை. சொன்னால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள். நீங்கள் குடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அஸ்வினி என்று ஒரு பெண் வருவாள். ஒருவர் இடுப்பில் சின்ன மோட்டாரை மாட்டி, சட்டைக் காலரில் வடிகட்டியைக் குத்தி, நாள் முழுக்க அப்படியே வேலை பார்க்கச் சொல்வாள். உங்கள் முதலாளி நல்லகாமனிடம் பேசி வையுங்கள்.

இங்கே ஒருத்திக்குச் சமைத்து, ஒருத்தியாகச் சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவி வைக்கிறேன். அந்தத் தட்டைக் கழுவும்போதுதான் மனசு என்னவோ செய்கிறது.

உங்கள்,
மீனா

*

ஒத்தக்கடை
3 பிப்ரவரி 2025

அன்பு மீனாவுக்கு,

அழகுமலை எழுதிக்கொள்வது. உன் கடிதம் பட்டறை விலாசத்துக்கு வந்து மானத்தை வாங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் பாலீஷ் மெஷினில் நிற்கிற காளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சென்னையில இருந்து வந்திருக்கு. அண்ணி டைவர்ஸு நோட்டீசு விட்டுருச்சு போலண்ணே" என்றான். பதினாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நீ செருப்பைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துச் சிரித்தேன். அதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு உயிர் வந்தது.

புதுச் செருப்பு கடிக்கும் என்று உனக்குத் தெரியாதா? அதற்குப் போய் இவ்வளவு துப்பறிய வேண்டாம்.

போனில் எனக்குப் பேச்சு வராது. எப்போது வந்தது, இப்போது வர? நீ சென்னைக்குக் கூப்பிட்டபோது, "அங்க வந்து ஒன் பையத் தூக்கவா?" என்று கேட்டவன் நான். மூன்று வருஷம் ஆகிறது. நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

முதலாளியிடம் பேசிவிட்டேன். முதலில் பயந்தார்.

"ஏம்ப்பா மலை, வந்து சீலு வச்சுட்டுப் போயிருவாகளோ?"

"இல்லைங்க மொதலாளி. காத்தை மட்டும் புடிச்சுட்டுப் போவாக."

"காத்தையா? அம்புட்டுத்தானா? காசா பணமா, எம்புட்டு வேணுமோ புடிச்சிக்கிறட்டும்."

பிப்ரவரி பதினெட்டாம் தேதி என்று அந்த அஸ்வினிப் புள்ள போனில் சொல்லியிருக்கிறது. நீ அனுப்புகிற ஆள். உன் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இங்கே எல்லாரும் திருவாதவூர்க்காரி சென்னையில் சட்டம் எழுதுகிறாள் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நீ தபால்தான் ஒட்டுகிறாய் என்றாலும் நான் சொல்லப் போவதில்லை.

வீட்டில் நானும் ஒரு தட்டைத்தான் கழுவுகிறேன். சில நாள் அதையும் கழுவுவதில்லை.

இப்படிக்கு,
மலை

*

சைதாப்பேட்டை
6 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் இல்லை. உங்கள் பட்டறையின் அளவு வந்துவிட்டது. பழைய அளவு கிடக்கட்டும், வெளிநாட்டுச் சங்கம் குறைத்துக் குறைத்துக் கடைசியாக வைத்திருக்கிற அளவுக்கும் கீழே! ஐந்து பட்டறையில் உங்களுடையதுதான் முதல். மற்ற நாலும் கேட்கவே வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் முதல் முறையாக எழுந்து நின்று பேசினேன். "சின்னப் பட்டறையால் இந்த அளவுக்கு வர முடியாது என்கிறீர்கள். இதோ பதினாலு பேர் வேலை செய்கிற பட்டறை. தண்ணீர் விட்டு அறுக்கிறார்கள், அவ்வளவுதான். இவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?" என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல சான்றும்மா" என்றார். 'குளிர் நாட்டு அளவு' என்று பேசியவர் அந்த எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இன்னொரு சண்டை பாக்கி இருக்கிறது. அந்தச் சங்கம் நாளைக்கு மறுபடியும் அளவைக் குறைத்தால் நம் விதியும் தானாகக் குறையட்டும் என்று எழுதச் சொல்கிறேன். சட்டப் பிரிவு சார் மறுக்கிறார். நாம் ஓட்டுப் போடாத ஒரு சங்கம் நமக்குச் சட்டம் எழுத முடியாது, எந்த வருஷப் பட்டியல் என்று குறிப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படி எடுத்து வைத்ததுதானே இத்தனை காலம் பழசாகிக் கிடந்தது?

அது போகட்டும். எனக்கு வந்த நிம்மதி வேறு. உங்கள் மூச்சு வாங்கலுக்குக் காரணம் பட்டறை இல்லை. தொப்பைதான். நாற்பத்துநாலு வயதில் புரோட்டாவைக் குறைக்கச் சொன்னால் கேட்டால்தானே? எக்ஸ்ரே எடுங்கள், எக்ஸ்ரே எடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் நச்சரித்தேன் இல்லையா? இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

மூன்று வருஷத்தில் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

உங்கள்,
மீனா

*

ஒத்தக்கடை
17 மார்ச் 2025

அன்பு மீனாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். காளைக்கும் வாசித்துக் காட்டினேன், தொப்பை வந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

முதல் மார்க் சும்மாவா வந்தது? நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. சொல்கிறேன் கேள். முதல் நாள் சாயங்காலமே மெஷினை நிறுத்திவிட்டு ஒட்டடை அடித்தோம். மூலையில் காய்ந்து கிடந்த கல் மாவை எல்லாம் வாரி டிராக்டரில் ஏற்றி அனுப்பினோம். எப்போதும் பாதி டேங்கர் தண்ணீரில் ஓட்டுகிற பட்டறைக்கு அன்றைக்கு இரண்டு டேங்கர் அடித்தோம். விடிந்ததும் தரை, சுவர், வாசல், ரோடு வரைக்கும் தெளித்தோம். தூசி கிளம்புகிறது என்றால் கிரைண்டரால் கல்லின் ஓரம் தேய்க்கிற வேலையில்தான் கிளம்பும், அதற்குத் தண்ணீர் விட முடியாது, உனக்கே தெரியும். அதை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். பொம்பளைப் புள்ள வந்து நிற்கிற இடத்தில் கண்ணு மூக்கு தெரியாமல் புழுதியைக் கிளப்புவதா?

அஸ்வினி அந்த மோட்டாரை என் இடுப்பில்தான் கட்டியது. "அண்ணா, தினமும் எங்க நிப்பீங்களோ அங்கயே நில்லுங்க" என்றது. தினமும் நான் நின்று ஓரம் தேய்க்கிற இடத்தில் அன்றைக்கு வேலையே இல்லையே! பாலீஷ் மெஷின் பக்கம் தண்ணீரில் நின்றேன். மத்தியானம் ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தோம். அந்தப் புள்ள கறி தொடாதாம். காளை மேலூர் ரோடு வரைக்கும் ஓடிப் போய்த் தயிர் வாங்கி வந்தான். போகும்போது, "இவ்வளவு சுத்தமான பட்டறைய நான் பாத்ததே இல்லண்ணா" என்றது அஸ்வினி. காளை அதை அப்படியே நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தான்.

உன் ஆபீஸ் அனுப்பிய காகிதத்தை முதலாளி கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். இனி அரை டேங்கர்கூட வேண்டாம் என்கிறார். "காத்து நல்லாருக்குன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருச்சு. எதுக்குத் தண்ணிக்கு அழுகணும்?" என்று கேட்கிறார். உறிஞ்சு விசிறி ஒன்று போடுவதாகச் சொல்லியிருந்தார். அதையும் விட்டுவிட்டார்.

எனக்கும் ஒரு நிம்மதி. உன்னிடம் சொல்லாமல் ஒன்பதாம் தேதி இலவச எக்ஸ்ரே முகாமுக்கு டோக்கன் வாங்கி வைத்திருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். எட்டாம் தேதி உன் கடிதம் வந்தது. படித்தவள் சொல்லிவிட்டாள், மெஷினும் சொல்லிவிட்டது, இனி எதற்கு என்று போகவில்லை. அந்த நேரத்தில் ஓரம் தேய்த்து நாலு ஸ்லாப் முடித்தேன்.

உன் பெயரைக் காப்பாற்றினேனா இல்லையா?

இப்படிக்கு,
மலை

*

சைதாப்பேட்டை
24 மார்ச் 2025

மாமா,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்?

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன், முடியவில்லை. என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன். அந்த அளவு பொய். அது ஒத்தக்கடைப் பட்டறையின் காற்று இல்லை, நீங்கள் எனக்காகக் கழுவி வைத்த காற்று. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அங்கே அப்படி இருந்தது. மீதி நாள் எல்லாம் நீங்கள் எதைக் குடிக்கிறீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. எது தெரிய வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்தேனோ, அதுதான் தெரியவில்லை.

அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தில் ஆடினேனே! இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? முதலாளிகள் தரப்பு அதே எண்ணைப் பிடித்துக்கொண்டுவிட்டது. "பட்டறைகள் ஏற்கனவே நன்றாகத்தானே இருக்கின்றன. புது அளவு எதற்கு, வருஷா வருஷம் எக்ஸ்ரே எதற்கு, சும்மா செலவு" என்கிறார்கள். நான் கொடுத்த கத்தி.

எக்ஸ்ரே பற்றி இனிப் பேச மாட்டேன் என்று எழுதியதும் இந்தக் கைதான்.

முதலில் போய் எக்ஸ்ரே எடுங்கள். நாளைக்கே. ஓரம் தேய்க்கிற வேலையை இன்றைக்கே விடுங்கள். காளையையும் தொட விடாதீர்கள்.

நான் குழுவில் உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை என்னாகும், நல்லகாமன் உங்களை என்ன செய்வார் என்று தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்காமல் வாய் திறக்க வரவில்லை. பதில் போடுங்கள். முடிந்தால் ஒரே ஒரு தடவை போனை எடுங்கள், மாமா. குரலையாவது கேட்கிறேன்.

மீனா

*

ஒத்தக்கடை
12 ஏப்ரல் 2025

அன்பு மீனாவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. உன் கடிதம் கொஞ்சம் சுட்டுவிட்டது, ஆறுவதற்கு நாள் ஆனது.

நாங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை. அதை மட்டும் நீ நம்ப வேண்டும். சித்திரையில் அழகர் வருகிறார் என்றால் ஆட்டுத் தோலில் பை கட்டித் தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைக்கிற ஊர் இது. வெயிலில் வருகிற சாமிக்கே அப்படி என்றால், என் வீட்டுக்காரி அனுப்பிய ஆள் வரும்போது தரை காய்ந்து கிடக்கலாமா? கூட்டத்தில் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல். திருட்டுத்தனம் என்று எழுதிவிடாதே. மரியாதை என்று எழுது.

ஆனால் சொல்லவே வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் உன்னை வெளியே அனுப்புவார்கள். நான் பத்தொன்பது வருஷம் குடித்ததைக் குடித்துவிட்டேன். நம் இரண்டு பேரில் ஒருத்தருக்காவது நல்ல காற்றுள்ள அறையில் மேஜை நாற்காலி இருக்கட்டும். நீ அதற்கு எவ்வளவு படித்தாய் என்று எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் விளக்கில் நம் சனம் யார் படித்தது, உன்னைத் தவிர?

எக்ஸ்ரே எடுத்தேன். ஒன்றும் இல்லை. சளிதான் என்றார்கள். கவலைப்படாதே.

ஓரம் தேய்க்கிற வேலையை விட்டுவிட்டேன். காளைக்கும் சொன்னேன். "அண்ணே, அப்ப யாருண்ணே தேய்க்கிறது? கல்லு தானா தேஞ்சிருமா?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று உன் குழுவில் கேட்டு எழுது.

போன் ரிப்பேர்.

இப்படிக்கு,
மலை

*

சைதாப்பேட்டை
20 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இது நான்காவது கடிதம். மூன்றுக்குப் பதில் இல்லை. ஒத்தக்கடை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தபால்காரர் எழுதித் திருப்பிவிட்டார். பட்டறைக்குப் போன் பண்ணினேன். காளைதான் எடுத்தான். முதலாளி உங்களை நிறுத்திவிட்டார், நீங்கள் திருவாதவூர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று சொன்னான். அதற்கு மேல் கேட்டதற்கு, "அண்ணன் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு அண்ணி" என்று வைத்துவிட்டான். அதனால் இதைத் திருவாதவூருக்குப் போடுகிறேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் கடைசியில் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். என்னால் முடியவில்லை. மரியாதை என்றே சொன்னேன், மாமா. அவர் சிரிக்கவில்லை. மே மாதம் சொல்லாமல் கொள்ளாமல் அஸ்வினியை உங்கள் பட்டறைக்கு அனுப்பினார். இந்த முறை வந்த எண், புது அளவைப் போல எட்டு மடங்கு. ஓரம் தேய்த்துக்கொண்டிருந்த காளையின் காலரில் மாட்டியது.

அந்த எண் பேசியது. வரைவு விதி போன வாரம் வெளியாகிவிட்டது. வெளிநாட்டுச் சங்கத்தின் புது அளவையே எடுத்துக்கொண்டார்கள். இன்ன வருஷப் பட்டியல் என்று வருஷத்தைக் குறித்துத்தான் எடுத்தார்கள், அதில் சட்டப் பிரிவு சார் ஜெயித்தார். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அது என் வரி. எல்லாருக்கும் வருஷம் ஒரு முறை எக்ஸ்ரேயும் உண்டு. படித்துக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பட்டறைகளுக்கு இதெல்லாம் இரண்டு வருஷம் கழித்துத்தானாம். உங்கள் பட்டறையில் பதினாலு பேர்.

என்னை வேலையில் இருந்து அனுப்பவில்லை. குழுவில் இருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டுவிட்டார்கள். வரைவின் மேல் ஆட்சேபணை சொல்ல நாற்பத்தைந்து நாள் உண்டு. வருகிற கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, நம்பர் போட்டுத் தலைவர் மேஜைக்கு அனுப்புவதுதான் இப்போது என் வேலை. முன்பு கேலி பண்ணினீர்களே, நிஜமாகவே தபால் ஒட்டுகிறேன். இதுவரை வந்த நூற்றுச் சொச்சம் கடிதமும் முதலாளிகள் எழுதியது. வேலை செய்கிற ஒருவர்கூட எழுதவில்லை.

என் மேல் கோபமா? நான் சொன்னதால்தான் உங்கள் வேலை போனது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். பஸ் ஏறி வந்துவிடலாம் என்று இரண்டு முறை கோயம்பேடு வரை... இல்லை, இப்போது கிளாம்பாக்கம், அங்கே வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வந்து நின்று, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்னால் தாங்க முடியாது. வா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன நாளில் இருந்து நீங்கள் என்னைப் போ என்றும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை.

உங்கள்,
மீனா

*

அனுப்புநர்:
ச. அழகுமலை, கல் பட்டறைத் தொழிலாளி,
திருவாதவூர், மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
தலைவர், விதி எழுதும் குழு, சென்னை.

நாள்: 15 ஜூலை 2025

பொருள்: வரைவு விதியில் சின்னப் பட்டறைகளுக்கு இரண்டு வருஷம் கொடுத்திருப்பதற்கு ஆட்சேபணை.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் பத்தொன்பது வருஷம் கிரானைட் பட்டறையில் ஓரம் தேய்த்தவன். பிப்ரவரி மாதம் உங்கள் ஆபீஸில் இருந்து காற்றை அளக்க வந்தபோது மோட்டாரை என் இடுப்பில்தான் கட்டினார்கள். அன்றைக்குப் பட்டறையைக் கழுவி வைத்தது நான். அப்படிச் செய் என்று முதலாளியும் சொல்லவில்லை, உங்கள் ஆபீஸில் இருக்கும் முத்துமீனாவும் சொல்லவில்லை. அவர் என் மனைவி. அவருக்கு அது தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது. அதற்காக அவரை இடம் மாற்றியிருந்தால் தயவுசெய்து மறுபடி குழுவில் சேர்த்துக்கொள்ளவும். உங்களுக்கு அவர் தேவைப்படுவார்.

போன வருஷம் ஒரு டாக்டர் டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். நோய் அதற்குக் கேட்கவில்லை. இந்த மார்ச் கடைசியில் மனைவி சொன்னதால் எக்ஸ்ரே எடுத்தேன். மதுரையில் பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாக இருந்தது. கல் தூசி என்றார். இனிக் குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். சளிதான் என்று மனைவிக்குப் பொய் எழுதினேன். ஒன்றரை வருஷமாக அவர் போன் பண்ணினால் நான் எடுப்பதில்லை. நாலு வார்த்தை பேசினால் ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை. இதெல்லாம் உங்களுக்கு வேண்டாத விஷயம், ஆனாலும் எழுதுகிறேன்.

வெளிநாட்டு அளவு நமக்குப் பொருந்தாது என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் வந்தால் என் படத்தைக் காட்டுகிறேன்.

உங்கள் விதி சின்ன முதலாளிகளுக்கு இரண்டு வருஷம் கொடுக்கிறது. நான் டாக்டரிடம், "சார், ரெண்டு வருஷம் தாங்குமா?" என்று கேட்டேன். அவர், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

எனக்கு இனி இந்த விதியால் ஆவது ஒன்றும் இல்லை. என் இடத்தில் இப்போது காளை என்று ஒருவன் நிற்கிறான். இருபத்தொன்பது வயது. போன மாதம் என்னைப் பார்க்க வந்தவன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தான். அவனுக்கு அந்த இரண்டு வருஷம் வேண்டும். ஆகவே அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அளக்க வருகிறவர்கள் சொல்லாமல் வர வேண்டும். சொல்லிவிட்டு வந்தால் எங்கள் ஊரில் தண்ணீர் தெளிக்காமல் இருக்க மாட்டார்கள்.

இதை எழுத ஆறு நாள் ஆனது. எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ச. அழகுமலை

மீனா, இதை நீதான் பிரிப்பாய் என்று தெரிந்துதான் போடுகிறேன். முதலில் முத்திரை குத்து. நம்பர் போடு. தலைவர் மேஜையில் உன் கையாலேயே கொண்டு போய் வை. அழுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

வேலையை விடாதே. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. பஸ் படி ஏறினாலே எனக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவு தூரம் தனியாக வரப் பயமாக இருக்கிறது. நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.